எல்லாவற்றிலும் பாடம் தேடி அலுத்துவிட்டது. நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

டோம்பிவிலிக்காரி எழுதியது:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

நான் பிறந்தது மாயவரம் பக்கம். கல்யாணமாகி வந்ததிலிருந்து மும்பைப் பக்கம் டோம்பிவிலி கிழக்கு. தாதரில் ஒரு சின்ன அலுவலகத்தில் பில்லிங் பார்க்கிறேன். காலையில் குக்கர், டப்பா, ஓட்டம். சாயங்காலம் ஓட்டம், குக்கர், பையனின் வீட்டுப்பாடம். மாட்டுங்காவில் பஜனை, உபன்யாசம் என்று ஏதாவது நடந்துகொண்டேதான் இருக்கும். தாதருக்கு அடுத்த ஸ்டேஷன்தான். ஆனால் அங்கே இறங்கி, உட்கார்ந்து கேட்டுவிட்டு, மறுபடி ஸ்லோ வண்டி பிடித்து வந்தால் பையன் தூங்கியிருப்பான். அதனால் கோயில் குளமெல்லாம் எனக்குப் பண்டிகைக்குப் பண்டிகைதான்.

இந்த நிலைமையில்தான் காலனித் தோழி ஒருத்தி என்னை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டாள். விதி ரொம்ப எளிது. படுக்கப் போகும் முன், அன்றைய நாள் சொல்லிக்கொடுத்த ஒரு பாடத்தை எழுத வேண்டும். அன்றாட வாழ்க்கையே குரு, தனியாக யாரையும் தேடிப் போக வேண்டாம் என்பது அவர்கள் கொள்கை. எனக்கும் அது பிடித்திருந்தது. ஆரம்பத்தில் பலனும் இருந்தது. ரயிலில் போனைப் பைக்குள் போட்டுவிட்டு நாலு முகத்தைப் பார்க்க ஆரம்பித்தேன்.

அப்புறம் அது ஒரு தொழிற்சாலை ஆகிவிட்டது. பால் பொங்கி வழிந்ததா? கவனம் சிதறினால் கையில் இருப்பதும் போகும். லிஃப்ட் பழுதா? உயரப் போக உன் கால்களை நம்பு. ஒருவர் வடாபாவோடு கொடுத்த மிளகாயைக் கடித்துவிட்டு அதற்கும் ஒரு தத்துவம் எழுதினார். கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. சரி, இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். போன மாதம் இன்னொருவர், ரயிலில் தனக்குப் பக்கத்தில் ஒரு பெண் போனில் பேசிக்கொண்டே அழுததைப் பற்றி மனசைத் தொடும்படி எழுதியிருந்தார். நம் கவலைகள் எவ்வளவு சிறியவை என்று அந்தக் கண்ணீர் கற்றுத் தந்ததாம். எல்லாரும் உருகிப்போனார்கள். அந்தப் பெண்ணிடம் "என்னம்மா ஆச்சு" என்று கேட்டீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அந்தக் குழுவைத் திறந்தாலே ஒரு மாதிரி இருக்கிறது.

ஆனால் எனக்கு நிஜமாகவே ஏதோ கிடைக்கிற இடம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் பாடமாக எழுத வரவில்லை.

மாலை வண்டி, பெண்கள் பெட்டி. மும்பைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஏறியதும், உட்கார்ந்திருப்பவர்களிடம் "கிதர் உதர்னா?" என்று கேட்பீர்கள். குர்லா, காட்கோபர் என்று பதில் வந்தால் அந்த இடம் அப்புறம் உங்களுக்கு. மூன்று பேர் சீட்டின் ஓரத்தில் நாலாவது ஆள் ஒட்டிக்கொள்வது எந்தச் சட்டத்திலும் இல்லாத உரிமை. இடம் கிடைத்ததும் பாதிப் பேர் பையைத் திறந்து காய் ஆய ஆரம்பித்துவிடுவார்கள். தாதர் மார்க்கெட்டில் வாங்கிய பட்டாணி, பீன்ஸ், வெந்தயக்கீரை.

அதில் ஒரு அம்மா. மராட்டிக்காரர், அறுபதை நெருங்குவார். மடியில் பழைய பேப்பரை விரித்து, வெந்தயக்கீரைக் கட்டைப் பிரித்து, ஒவ்வொரு தண்டாக எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் இலையை மட்டும் கிள்ளுவார். இலை இடப்பக்கப் பையில், தண்டு வலப்பக்கம். இலை மஞ்சளாக இருந்தால் மட்டும் ஒரு நொடி திருப்பிப் பார்த்துவிட்டுத் தண்டோடு போடுவார். தன் கட்டு முடிந்ததும் பக்கத்தில் இருப்பவளின் கட்டைக் கேட்காமலே எடுத்துக்கொள்வார். பேச்சு அதிகம் கிடையாது. வண்டி சிக்னலுக்கு நின்று கிடந்தாலும் வாசலில் சண்டை நடந்தாலும் கை அதே வேகம். அவர் பக்கத்தில் இடம் கிடைத்த அன்று நான் வீட்டுக்கு வேறு ஆளாகப் போகிறேன். பையனை அதட்டுவதில்லை, பாத்திரத்தைத் தொம்மென்று வைப்பதில்லை.

இதை எழுதலாம் என்று உட்கார்ந்தால் பொறுமை, பிறருக்கு உதவு என்று நாலாம் வகுப்பு நீதிபோதனைதான் வருகிறது. எழுதி முடித்ததும் அந்த அம்மாவே பொய்யாகிவிட்ட மாதிரி இருக்கிறது.

கோயிலுக்கும் குருவுக்கும் போக முடியாதவர்கள், ஓடுகிற ஓட்டத்திலேயே கொஞ்சமாவது வளர என்ன செய்கிறீர்கள்? எழுதுவது உதவுமா, கெடுக்குமா? தத்துவம் வேண்டாம். நீங்கள் செய்வதைச் சொல்லுங்கள்.

*

கரிவேப்பிலை (முலுண்ட்):

முதல் வேலையாக அந்தக் குழுவை மியூட்டில் போடுங்கள். மீதியை அப்புறம் பேசலாம்.

எனக்கு இந்தப் பாடம் தேடும் வழக்கத்தின் மேலேயே ஒரு கோபம் உண்டு. 2025 ஜூனில் மும்ப்ரா பக்கத்தில் ஓடும் வண்டியிலிருந்து ஆட்கள் விழுந்து இறந்தது உங்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். படியில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள், எதிர் வண்டியில் தொங்கியவர்களோடு உரசி விழுந்தார்கள். அன்று எனக்கு வந்த செய்திகளில் பாதி, வாழ்க்கை நிலையில்லாதது, இன்றே அன்பு செலுத்துங்கள் என்ற ரகம். அதில் கற்க வேண்டியது நிலையாமையா? அந்த நேரத்துக்கு இன்னும் நாலு வண்டி விட வேண்டும், கதவு வேண்டும். ஏசி இல்லாத வண்டிகளுக்கும் தானாக மூடும் கதவு என்ற பேச்சு அதற்கப்புறம்தான் வேகம் பிடித்தது. கேள்வி கேட்டவர்களால் பிடித்தது, தத்துவம் எழுதியவர்களால் அல்ல.

எங்கள் பக்கத்துக் கட்டடத்தில் வேலைக்கு வரும் பெண்கள் பெரிய லிஃப்டில் ஏறக்கூடாது. சர்வீஸ் லிஃப்ட் ரிப்பேர் என்றால் மாடி மாடியாக ஏறித்தான் போக வேண்டும். அந்தப் பெண் மூச்சு வாங்க ஏறி வந்தும் சிரித்த முகத்தோடு வேலை செய்வதைப் பார்த்து, அவளிடம் மகிழ்ச்சியாக இருக்கக் கற்றுக்கொண்டேன் என்று ஒரு அம்மா சொன்னார். அவர் அந்த சொசைட்டி கமிட்டியில் இருப்பவர்! அடுத்த வீட்டுக்காரரின் கஷ்டம் நமக்குப் பாடப் புத்தகம் கிடையாது. யாரைப் பார்த்துக் கற்கிறோமோ அவருக்கு நம்மால் ஆகக்கூடியது ஏதாவது இருந்தால் அதை முதலில் செய்ய வேண்டும். உங்கள் குழுவில் அழுத பெண்ணைப் பற்றி நீங்கள் நினைத்ததுதான் சரி.

கீரை அம்மா விஷயம் வேறு. அதில் நீங்கள் யார் கஷ்டத்தையும் எடுத்து விற்கவில்லை. அதை விட்டுவிடாதீர்கள். அவருக்கு ஒருநாள் நீங்களும் பட்டாணி உரித்துக் கொடுங்கள்.

*

செம்பூர் தாத்தா:

அம்மா, ஆசிகள். டிராம்பே பக்கத்தில் ஷிஃப்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து, ஊரே ஏகாதசிக்குக் கோயிலுக்குப் போகும்போது போர்வையை இழுத்து மூடிப் படுத்தவன். அதனால் உங்கள் வருத்தம் எனக்குத் தெரியும்.

உங்கள் குழு சொல்லும் கொள்கை ரொம்பப் பழசு. பாகவதத்தின் 11-வது ஸ்கந்தத்தில் கிருஷ்ணர் உத்தவருக்குச் சொல்வதாக வருகிறது. யது மன்னன் ஓர் அவதூதரைப் பார்க்கிறான். வீடில்லை, வாசலில்லை, ஆனால் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. எப்படி என்று கேட்கிறான். எனக்கு 24 குரு என்கிறார் அவர். பூமி, காற்று, கடல், சந்திரன், மலைப்பாம்பு, விட்டில், தேனீ, யானை, சிலந்தி, ஒரு குழந்தை, பிங்களை என்ற தாசி என்று பட்டியல் போகிறது. அந்த அவதூதரைத் தத்தாத்ரேயர் என்று சொல்வது மரபு. இந்த ஊர் ஆட்டோக்களில் மூன்று முகத்தோடு, நாலு நாயும் ஒரு பசுவும் கூட நிற்கும் சாமி படம் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அவர்தான். நம் சுசீந்திரத்துத் தலபுராணத்தில் வரும் அத்ரி, அனசூயையின் பிள்ளை.

இதை உபன்யாசத்தில் கேட்கும்போது எல்லாரும் பட்டியலை எண்ணுவார்கள். நான் கவனித்தது வேறு. மன்னன் வந்து கேட்கும் வரை அவதூதர் வாயைத் திறக்கவில்லை. தினமும் ஒன்று என்று கணக்குக் கொடுக்கவில்லை. அதோடு, அந்த 24 பேரில் ஒருவருக்கும் தான் குரு என்றே தெரியாது.

அதில் ஒருவர் அம்பு செய்கிறவர். அம்பின் நுனியைச் சரிசெய்வதில் அப்படி மூழ்கியிருக்கிறார், பக்கத்திலேயே ராஜா பரிவாரத்தோடு போனது அவருக்குத் தெரியவில்லை. மனதை ஒன்றில் நிறுத்த அவரிடம் கற்றேன் என்கிறார் அவதூதர். நல்லது. ஆனால் அம்பு செய்தவர் என்ன கற்றார்? ஒன்றும் கற்கவில்லை. அம்பு செய்தார், அவ்வளவுதான். என்னைக் கேட்டால், அந்தக் கதையில் அவதூதரை விட அவர்தான் ஒரு படி மேலே. உங்கள் கீரை அம்மா அந்த ரகம். அவரைப் பார்த்து எழுத வரவில்லை என்கிறீர்கள். எழுதவே வேண்டாம். நீங்களும் ஒரு கட்டுக் கீரை வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.

இன்னொரு குரு ஒரு கன்னிப்பெண். வீட்டில் தனியாக இருக்கும்போது பெண் பார்க்க வந்துவிடுகிறார்கள். அவர்களுக்குச் சோறாக்க உள்ளே போய் நெல் குத்துகிறாள். கைநிறைய வளையல், கலகலவென்று சத்தம். நெல் குத்துவது வெளியே கேட்டால் கூச்சமாக இருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கழற்றுகிறாள். இரண்டு இருந்தபோதும் ஒன்றோடொன்று இடிக்கிறது. கைக்கு ஒன்று என்று ஆனதும் சத்தம் நின்றுவிடுகிறது. இந்தக் கதை வாட்ஸ்அப் குழுக்களுக்காகவே எழுதியதோ என்று எனக்குச் சந்தேகம்.

கோயிலுக்குப் போக முடியவில்லை என்ற குறையும் வேண்டாம். இந்த மண்ணிலேயே ஆள் இருக்கிறார். விட்டலன் கோயில் இருக்கும் பண்டரிபுரத்துக்குக் கொஞ்ச தூரத்தில் அரண் என்ற ஊரில் ஸாவதா மாளி என்று ஒரு தோட்டக்காரர், 13-ம் நூற்றாண்டு. ஊரெல்லாம் பண்டரிபுரத்துக்கு வாரி என்ற பாதயாத்திரை போகும்போது அவர் பாத்தி கட்டி, தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். வெங்காயமும் முள்ளங்கியும் கீரையும்தான் என் விட்டல அன்னை என்று பாடினார். ஜனாபாய் என்பவள், விட்டல பக்தர் நாமதேவர் வீட்டு வேலைக்காரி. அவள் மாவரைக்கும் திரிகையை விட்டலனே வந்து சுற்றினான் என்று இந்த ஊர்ப் பாட்டிகள் இன்றும் சொல்வார்கள். நம் நாகப்பட்டினத்து அதிபத்தர் வலையில் விழுந்ததில் ஒரு மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டவர். பல நாள் ஒரே ஒரு மீன்தான் விழுந்தது, அதையும் விட்டார். இவர்கள் யாரும் தொழிலிலிருந்து பாடம் எடுக்கவில்லை. தொழிலையே கொண்டுபோய்ச் சாமி முன்னால் வைத்தார்கள். இரண்டுக்கும் நிறைய தூரம்.

நான் செய்வதைக் கேட்டீர்கள். காய்ந்த துணியை மடிப்பது என் வேலை. அந்த நேரத்தில் டிவி இல்லை, ஸ்லோகம்கூட இல்லை. துணி மட்டும். என் மனைவி இதைச் சோம்பேறித்தனம் என்கிறாள். அவளுக்கு மெதுவாக மடித்தால் பிடிக்காது.

*

ஹார்ன் சத்தம் (தாராவி):

அக்கா, நான் தாராவி. எங்க தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா சைக்கிளில் இட்லி விற்கிறார். மும்பையில் காலையில் ரப்பர் ஹார்னைப் பாம் பாம் என்று அமுக்கிக்கொண்டு, கேரியரில் பெரிய அலுமினியப் பாத்திரத்தோடு வருவார்களே, அவர்களில் ஒருத்தர்.

இட்லி மாவு பொங்குவதைப் பார்த்துப் பொறுமை கற்கலாம் என்று யாராவது எழுதினால் எனக்குச் சிரிப்பு வரும். எங்க வீட்டில் மே மாதம் மாவு பொங்கினால் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். புளித்துப்போனால் அன்றைய வியாபாரம் போச்சு. மழைக்காலத்தில் பொங்காமல் கிடந்தால் அதுவும் போச்சு. இதில் தத்துவம் கிடையாது, விடிவதற்குள் எழுந்து அடுப்பு மூட்டும் தூக்கக் கலக்கம்தான் உண்டு. கரிவேப்பிலை அக்கா சொன்ன மாதிரி, எங்க கஷ்டத்தைப் பாடமாக்கி எங்களுக்கே அனுப்பும் ஆட்கள் நிறைய.

ஆனால் ஒரு விஷயம் சொல்கிறேன். போன வருஷம் அப்பாவுக்குக் காய்ச்சல். நான் காலேஜுக்கு லீவு போட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். மாஹிம் பக்கம் ஒரு சந்து, அதில் ஒரு பழைய கட்டடம். ஹார்னில் கை வைத்ததும் வாட்ச்மேன் ஓடி வந்து கையை அமுக்கிப் பிடித்தார். "இங்கே அடிக்காதே. உங்க அப்பா அடிக்க மாட்டார். ரெண்டாம் மாடியில் பெரியவர் போய்விட்டார், பதிமூணாம் நாள் இன்னும் ஆகவில்லை" என்றார். சரி, வியாபாரம் எப்படி நடக்கும் என்று கேட்டேன். அவரே இன்டர்காமில் ஒவ்வொரு வீட்டுக்கும் இட்லி வந்தாச்சு என்று சொன்னார். ஆட்கள் பாத்திரத்தோடு சத்தமில்லாமல் இறங்கி வந்தார்கள். இரண்டாம் மாடியிலிருந்தும் ஒரு பையன் வந்தான், தலை மொட்டை. அவனுக்கு இட்லி எடுத்து வைக்கும்போது வாட்ச்மேன் மெதுவாக, "இந்த வீட்டில் உங்க அப்பா சட்னி கூட வைப்பார்" என்றார்.

அப்பா இதை வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எத்தனை வருஷமாக, எத்தனை கட்டடத்தில் இப்படி என்று எனக்குத் தெரியாது. சாயங்காலம் கேட்டேன். "சாவு வீடுல்ல" என்றார். அப்புறம், "பாக்கி வசூல் பண்ணினியா?" என்று கேட்டார்.

இதிலிருந்து நான் என்ன கற்றேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது அக்கா. அடுத்த நாள் நானும் அங்கே ஹார்ன் அடிக்கவில்லை. இப்போது எந்தச் சந்தில் பந்தலோ, செருப்புக் கும்பலோ தெரிந்தாலும் பைக்கில் போகும்போது கை தானாக ஹார்னை விட்டு விலகுகிறது. எழுதி வைத்திருந்தால் விலகியிருக்குமா என்று தெரியவில்லை.

*

நைட் டூட்டி (பரேல்):

எல்லாரும் எழுதாதே எழுதாதே என்கிறீர்கள், நான் எழுதும் கட்சி. சண்டைக்கு வராதீர்கள்.

நான் நர்ஸ். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம், பரேலில் ஒரு மருத்துவமனையில் வேலை. எங்கள் தொழிலில் முதல் வருஷமே தலையில் ஏற்றிவிடுவார்கள்: குறிப்பில் உன் அபிப்பிராயத்தை எழுதாதே, பார்த்ததை எழுது. நோயாளி தொந்தரவு கொடுத்தார் என்று எழுதக் கூடாது. இரவு 2 மணிக்குக் கையிலிருந்த ஊசியைப் பிடுங்கினார், தண்ணீர் கேட்டார், இத்தனை மில்லி கொடுக்கப்பட்டது என்று எழுத வேண்டும். காலையில் ஷிஃப்ட் மாறி வருபவளுக்கு என் எரிச்சலால் பிரயோஜனமில்லை. அவர் தண்ணீர் கேட்டார் என்பதால் பிரயோஜனம் உண்டு.

டோம்பிவிலி அக்கா, உங்கள் குழுவின் கோளாறு எழுதுவதில் இல்லை, 'ஆகவே' என்று ஒரு வரி சேர்ப்பதில்தான் இருக்கிறது. நீங்கள் இங்கே கீரை அம்மாவைப் பற்றி எழுதியதில் ஆகவே இல்லை. மஞ்சள் இலையைத் திருப்பிப் பார்த்தார் என்று நிறுத்திவிட்டீர்கள். அந்த இடத்தில் எனக்கு அவர் முகமே தெரிந்தது. அப்படியே எழுதுங்கள். நாலு வரி போதும்.

நான் டூட்டி முடிந்து வரும்போது ரயிலிலேயே பழைய டைரியில் எழுதுவேன். பார்த்தது மட்டும். சில மாதம் கழித்துப் புரட்டினால் எது திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரியும். என் டைரியில் வந்துகொண்டே இருந்தது டாக்டரும் இல்லை, சாமியும் இல்லை. எங்கள் வார்டு மௌஷி. இந்த ஊர் மருத்துவமனைகளில் ஆயாவை அப்படித்தான் கூப்பிடுவோம். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். மௌஷி நினைவே இல்லாதவரைப் புரட்டும்போதுகூட முதலில் தோளில் கை வைத்து, "பாபா, இப்போ வலது பக்கம் திரும்பப் போறோம்" என்று மராட்டியில் சொல்லிவிட்டு ஒரு மூச்சு நேரம் காத்திருப்பார். பதில் வராது. ஆனாலும் காத்திருப்பார். இதை நான் தனித்தனி நாளில் தனித்தனியாக எழுதியிருந்தேன், எழுதும்போது பெரிதாகத் தோன்றவில்லை. சேர்த்துப் படித்த அன்றிலிருந்து ஊசி போடும் முன் நானும் சொல்லிவிட்டு, ஒரு மூச்சு நிற்கிறேன்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். புதன்கிழமை ஓய்வு கிடைத்தால் மாஹிம் சர்ச்சில் நவநாள் ஜெபத்துக்குப் போவேன், பெரும்பாலும் கிடைக்காது. அப்படிப்பட்டவர்களுக்கு எங்களிடமும் ஒரு வழி இருக்கிறது. 16-ம் நூற்றாண்டில் இஞ்ஞாசியார் சொல்லிக்கொடுத்த ஆன்ம சோதனை. நாளை மணி வாரியாகத் திரும்பிப் பார்ப்பது. அதில் எனக்குப் பிடித்தது அவர் சொன்ன சின்ன உத்தி: ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள், நாளுக்கு இரண்டு கோடு போடு, மதியம் முதல் கோட்டிலும் இரவு இரண்டாவதிலும் அந்தக் குறை தலைகாட்டிய ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி வை, நேற்றைய கோடுகளோடு ஒப்பிடு. விளக்கவுரை கிடையாது, கைதட்டல் கிடையாது. என் குறை, நோயாளியின் உறவினரிடம் வள்ளென்று விழுவது. சில கோடுகளில் புள்ளி வைக்க இடமே இருக்காது.

தாத்தா, அம்பு செய்கிறவர் கதை அருமை. ஆனால் அவதூதர் பார்த்து வைத்ததால்தானே உங்களுக்கும் எனக்கும் அவரைத் தெரிகிறது? அதனால் எழுதுகிறவர்களையும் கொஞ்சம் மன்னித்துவிடுங்கள்.

*

செம்பூர் தாத்தா:

நர்ஸம்மா சொன்னது நியாயம். தோற்றேன்.

*

டோம்பிவிலிக்காரி:

எல்லாருக்கும் நன்றி. படித்துவிட்டு வண்டியில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

நர்ஸ் தங்கை சொன்னபடி நேற்று குழுவில் பார்த்ததை மட்டும் எழுதினேன். "இன்று இரண்டு பச்சைப் பட்டாணிப் பை. ஒன்றில் நிறைய சொத்தை. அந்த அம்மா சொத்தையை எண்ணிக்கொண்டே உரித்தார், தானே ஸ்டேஷன் வந்ததும் எண்ணிக்கையைச் சொல்லிச் சிரித்தார்." அவ்வளவுதான். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு குழுத் தலைவி, "பாடத்தைக் காணோமே, விட்டுப்போச்சா?" என்று கேட்டார். இல்லை, இவ்வளவுதான் என்றேன். ஒருவர், பத்துச் சொத்தை இருந்தாலும் நல்லதைத் தேடு என்று எனக்காக அதையும் எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்கு ஏகப்பட்ட கைதட்டல். மியூட் செய்துவிட்டேன், கரிவேப்பிலை.

தாராவித் தம்பி, உங்கள் பதிலைப் பையனுக்குப் படித்துக் காட்டினேன். "இன்டர்காம் இல்லாத கட்டடத்தில் என்ன பண்ணுவார்?" என்று கேட்கிறான். பதில் சொல்லுங்கள், தூங்க மாட்டேன் என்கிறான்.

*

ஹார்ன் சத்தம் (தாராவி):

அப்பாவிடம் கேட்டேன் அக்கா. சைக்கிள் பெல் அடிப்பாராம், அதுவும் ஒரு தடவை மட்டும். எல்லாருக்கும் புரிந்துவிடுமாம்.

*

செம்பூர் தாத்தா:

டோம்பிவிலி அம்மா, ஒரு ஞாயிறு காலை பையனையும் கூட்டிக்கொண்டு செட்டா நகர் முருகன் கோயிலுக்கு வாருங்கள். பிரசங்கம் எதுவும் வைக்க மாட்டேன், பயப்பட வேண்டாம். என் மனைவியும் வருவாள், பூத்தொடுக்கத் தெரிந்தால் ரொம்ப சந்தோஷப்படுவாள்.

*

கரிவேப்பிலை (முலுண்ட்):

தாத்தா, ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக், தண்டவாள வேலைக்காகப் பாதி வண்டி ஓடாது. டோம்பிவிலியிலிருந்து குர்லா வந்து, ஹார்பர் லைன் மாறி, அவர்கள் வந்து சேருவதற்குள் நடை சாத்திவிடுவார்கள். சனிக்கிழமை வையுங்கள், நானும் வருகிறேன்.

*

டோம்பிவிலிக்காரி:

சனிக்கிழமை எனக்கு அரை நாள்தான் வேலை, சாயங்காலம் வரலாம். பூத்தொடுக்கத் தெரியும், வாழைநாரில்தான் வரும், நூலில் எனக்கு நிற்காது. காட்கோபரில் இறங்கி ஆட்டோ பிடித்தால் பக்கமா?

*

செம்பூர் தாத்தா:

பக்கம்தான். கிழக்குப் பக்கம் இறங்குங்கள். நார் நான் கொண்டுவருகிறேன்.